வானொலி நாடகத்தில் வேடம்: ‘பச்சைக் குளவி’ பற்றிய ஓர் ஆராய்ச்சி

நாடகம் கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே உரிய கலை. மெய்ப்பாட்டின் இயல்பை வகுத்த தொல்காப்பியரும் அது கண்ணாலும் செவியாலும் உணரப்படுவதென்றே கொண்டார். அரங்கிலே தோன்றும் பாத்திரம் இன்னாரென்பதை, அவர் வாய் திறக்குமுன்னரே அவர் புனைந்த வேடம் அறிவித்துவிடும். முடி அரசனைக் காட்டும். சடை துறவியைக் காட்டும். இவ்வாறிருக்க, கண்ணை முற்றாக விலக்கிச் செவியொன்றனையே வாயிலாகக் கொண்ட வானொலி நாடகம், வேடத்தையே உயிர்நாடியாக உடைய ஒருவனைத் தன் தலைமகனாகத் தேர்ந்துகொண்டமை வியப்புக்குரியதாகும். 1930ஆம் ஆண்டு தொடக்கம் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுக் காலம், முகமூடி அணிந்தும் மாற்றுடை பூண்டும் தீயோரை ஒறுக்கும் வீரர் பலர் அமெரிக்க ஐக்கிய நாட்டு வானொலியில் உலாவினர். எண்ணிறந்த மக்கள் அவர்களைக் கேட்டனர், ஒருவரேனும் கண்டிலர். காணப்படாத முகமூடியினால் யாது பயன்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு மிக ஏற்றதாய் அமைந்தது ‘கிறீன் ஹோர்னெற்’, அதாவது ‘பச்சைக் குளவி’ என்னும் தொடர் நாடகம்.

இத்தகைய நாடகங்களைத் திறனாய்வாளர் பலர் பொருட்படுத்துவதில்லை. ‘லோன் றேஞ்சர்’ எனப்பட்ட தனிக்காவலன் கதை பாண் விற்பதற்கும், ‘சுப்பர்மான்’ கதை காலையுணவுத் தானியம் விற்பதற்கும் துணை போயின. பச்சைக் குளவியோ ஒரே அச்சில் வார்த்தெடுத்த கதைகளால் ஆயது. ஆயினும், ஒரு சமுதாயம் தன் அறநோக்கினை ஓய்ந்திருக்கும் வேளையிலேயே ஒளிவுமறைவின்றி வெளியிடுகின்றது. நீதி என்பது யாது, அதனை வழங்குதற்கு உரியவர் யாவர், மறைந்து நின்று நீதி வழங்குவோன் யாருக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவன் என்னும் வினாக்கள் இந்நாடகங்களின் உள்ளே பொதிந்து கிடக்கின்றன. அவற்றை நாடகம் எவ்வளவு தூரம் எதிர்கொண்டது என்பதே அதன் பெருமைக்கும் சிறுமைக்கும் அளவுகோலாகும்.

பச்சைக் குளவி பிறந்த இடம் டிற்றோயிற் நகரத்து டபிள்யு.எக்ஸ்.வை.இசட். என்னும் வானொலி நிலையம். அந்நிலையம் 1932இல் பெரியதொரு வலையமைப்பிலிருந்து விலகித் தன் காலிலேயே நிற்கத் தொடங்கியது. பிறர் அனுப்பும் நிகழ்ச்சிகள் இல்லாதபோது தன் நிகழ்ச்சிகளைத் தானே ஆக்கிக்கொள்ளும் தேவை எழுந்தது. நிலைய உரிமையாளருள் ஒருவரான ஜோர்ஜ் ட்றென்டில், எழுத்தாளர் பிரான் ஸ்றைக்கர், நாடக நெறியாளர் ஜேம்ஸ் ஜுவெல் ஆகியோர் சேர்ந்து 1933இல் தனிக்காவலன் தொடரை வெளியிட்டனர். அதன் வெற்றியாலேயே அந்நிலையம், 1934இல் மியூச்சுவல் ஒலிபரப்புக் கூட்டமைப்பினை நிறுவிய நான்கு நிலையங்களுள் ஒன்றாகும் தகுதி பெற்றது எனலாம். குதிரையும் புல்வெளியும் நிறைந்த பழைய மேற்குப் புலத்திலிருந்து முகமூடி வீரனை எடுத்து, மோட்டார் வண்டியும் செய்தித்தாளும் நிறைந்த புதிய நகரத்திலே நிறுத்தினால் என்ன என்னும் எண்ணத்தின் விளைவே பச்சைக் குளவி. 1936ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் முதன்முதலாக ஒலித்த அத்தொடர், 1938இல் மியூச்சுவல் வழியாக நாடெங்கும் பரவி, பின்னர் வேறு வலையமைப்புக்கு மாறி, இடையிடையே நின்றும் தொடர்ந்தும் 1952 வரை நிலவியது.

கதையின் அமைப்பு எளியது. பிறிற் றீட் என்பவன் செல்வக் குடியிற் பிறந்த இளைஞன். ‘டேலி சென்ரினல்’ என்னும் நாளிதழின் அதிபன். இரவிலே அவன் முகமூடி தரித்துப் பச்சைக் குளவியாகின்றான். ‘கறுப்பழகி’ எனப் பெயரிய விரைவு வண்டியைக் கேற்றோ என்னும் பணியாளன் செலுத்துகின்றான். வண்டி நிற்கும் இடம் அண்மையிலுள்ள பாழடைந்த கட்டடம். அதற்குச் செல்ல இரகசிய வழியொன்று உண்டு. குளவியின் படைக்கலம் நஞ்சுக் கொடுக்குப் போன்றதன்று. மயக்கப் புகை கக்கும் துப்பாக்கியே. அவன் எவரையும் கொல்வதில்லை. இவையாவும் பிற வீரர்க்கும் ஓரளவு பொதுவானவை. அவனுக்கே சிறப்பாயது ஒன்றுண்டு: பொலிசாரும் பொதுமக்களும் அவனைக் குற்றவாளி என்றே நம்புகின்றனர், அவனும் அந்நம்பிக்கையை வளர்க்கின்றான். கள்வர் கூட்டத்துட் கள்வனாகப் புகுந்து, கொள்ளையிற் பங்கு கேட்டு அச்சுறுத்தி, ஒருவர்மீது ஒருவரை ஐயுறச் செய்து, ஈற்றில் அவர்களைச் சட்டத்தின் கையில் விழச்செய்து மறைகின்றான். தனிக்காவலனை முதலிற் கள்வனென ஐயுற்றோரும் கதை முடிவிற் கைகூப்புவர். பச்சைக் குளவிக்கோ வசையே பரிசு.

ஒவ்வொரு கதையின் இறுதியிலும் தெருவிலே செய்தித்தாள் விற்கும் சிறுவன் ஒருவனின் கூவல் கேட்கும். கயவர் பிடிபட்டனர்; பச்சைக் குளவி மட்டும் இன்னும் அகப்படவில்லை என்பதே அவன் கூவும் செய்தியின் சாரம். அவன் விற்பதோ டேலி சென்ரினல். அதனை அச்சிட்டு வெளியிட்டவனோ அக்குளவியே. தன்மீது தானே வசை எழுதி, அதனைத் தெருத்தோறும் காசுக்கு விற்கும் ஒரு தலைமகனை நாடக உலகிலே காண்பது அரிது. சில நொடிகளே நிகழும் இக்கூவலில், முழு நாடகத்தின் முரணும் அடங்கிக் கிடக்கின்றது.

இனி, காணப்படாத வேடம் கேட்கப்படுமாறு எங்ஙனம் என்பதை நோக்குதல் வேண்டும். வானொலி நாடகக்காரர் இதற்கு மூன்று வழிகளைக் கண்டனர். முதலாவது, இசை. பச்சைக் குளவியின் வருகையை றிம்ஸ்கி-கோர்சக்கோவ் இயற்றிய வண்டின் பறத்தல் பற்றிய இசைத்துண்டு அறிவித்தது. தனிக்காவலனுக்கு றொசினியின் ‘வில்லியம் தெல்’ முன்னிசையும், ‘நிழல்’ என்னும் வீரனுக்குச் சென்-சான்ஸின் இசையும் அமைந்தன. உரிமைப்பணம் வேண்டாத பழைய இசையை எடுத்தமைக்குச் சிக்கனமும் ஒரு காரணம் என்பர். காரணம் யாதாயினும் பயன் பெரிது. அரங்கிலே உடை செய்யும் பணியை இங்கே இசை செய்தது. இரண்டாவது, ஒலிக்குறி. தெறெமின் என்னும் மின்னிசைக் கருவியினின்று எழுப்பிய குளவியின் இரைச்சல், வண்டி சீறிப் பாயும் ஓசை, புகைத் துப்பாக்கியின் சீறல் ஆகியன கேட்போர் உள்ளத்திலே முகமூடியையும் கரிய வண்டியையும் தாமாகவே தீட்டின.

மூன்றாவதும் தலையாயதும் குரல். 1936 முதல் 1943 வரை பிறிற் றீட்டாக நடித்த அல் ஹொட்ஜ் என்பார், நாளிதழ் அதிபனாகப் பேசும்போது இயல்பான இளைஞன் குரலையும், குளவியாகப் பேசும்போது தாழ்ந்து இறுகிய குரலையும் கையாண்டார். குரலே முகம், குரல் மாற்றமே முகமூடி என்பது இதனாற் பெறப்படும். இக்கூற்று வெறும் உவமையன்று என்பதற்கு வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு. 1940இல் பச்சைக் குளவி கதை தொடர்ப் படமாகத் திரைக்கு வந்தபோது கோர்டன் ஜோன்ஸ் என்னும் வேறொரு நடிகர் தலைமை வேடம் ஏற்றார். முகமூடி கண்முன்னே தோன்றிய அந்நிலையிலும், முகமூடி அணிந்த காட்சிகளில் வானொலியிற் பழகிய அல் ஹொட்ஜின் குரலே அவர் வாயிலாக ஒலிக்கச் செய்யப்பட்டது. கண்ட முகமூடியைக் காட்டிலும் கேட்ட முகமூடியே உண்மையானதென மக்கள் கொண்டிருந்தனர் என்பதைப் படம் எடுத்தோர் அறிந்திருந்தனர்.

1941ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், தனிக்காவலனாக நடித்துவந்த ஏள் கிறேசர் வீதி விபத்தில் இறந்தார். அவரிடத்துக்கு வந்தவர் பிறேஸ் பீமர். ஒரு நாளில் ஒரு குரல் மறைந்து மறு நாளில் வேறொரு குரல் எழுமாயின் கேட்போர் ஏற்பாரோ என்னும் அச்சம் எழுந்தது. எனவே காவலன் காயமுற்றுப் பேச இயலாதவனாய்க் கதையிலே கிடத்தப்பட்டான். சில நிகழ்ச்சிகள் கழியும் வரை அவன் மூச்சொலியும் முணுமுணுப்புமே கேட்டன. அவன் தோழன் டொன்ரோவே கதையைச் சுமந்தான். அரங்கிலே முகமூடி அணிந்தவனை மாற்றுதல் எளிது. முகமூடியை மற்றொருவன் அணிந்தாற் போதும். வானொலியிலோ முகமூடியை மாற்றுதலே இயலாத செயலாயிற்று.

பிற வீரரும் இவ்வுண்மையை வெவ்வேறு வகையில் மெய்ப்பிக்கின்றனர். ‘நிழல்’ என்பவன் 1930இல் வெறும் அறிவிப்பாளன் குரலாகவே தோன்றியவன். 1931 முதல் வோல்ற்றர் கிப்சன் அவனைப் பற்றி எழுதிய கதைகளில் அவனுக்குக் கரிய மேலங்கியும் அகன்ற தொப்பியும் வாய்த்தன. ஆனால், 1937இல் ஓர்சன் வெல்ஸ் நடிக்க முழு நாடகமாக அவன் வானொலிக்கு மீண்டபோது அவ்வுடை கழன்றுவிட்டது. பிறர் அறிவை மயக்கித் தன்னைக் கட்புலனாகாமற் செய்யும் ஆற்றலே அவனது வேடமாயிற்று. ஊடகத்தின் குறையையே கதையின் பண்பாக்கிய நுட்பம் இது. 1940இல் வானொலிக்கு வந்த சுப்பர்மானாக நடித்த பட் கொலியர், கிளார்க் கென்ற் என்னும் நிருபனின் மென்குரலிலிருந்து வீரனின் ஆழ்ந்த குரலுக்கு ஒரே வாக்கியத்தின் நடுவே இறங்குவார், அவ்விறக்கமே உடைமாற்றம். இதற்கு மாறாக, வௌவால் உடையே முதன்மையான பற்மான் 1945 முதல் சுப்பர்மான் தொடரில் விருந்தினனாக வந்துபோனானேயன்றித் தனக்கெனத் தொடரொன்றை அக்காலத்து வானொலியில் நிலைநிறுத்தினானல்லன்.

இதுகாறும் கூறியவற்றால், வானொலியிலே வேடம் காட்சிப்பொருளாகாது அறிவுப்பொருளாயிற்று என்பது புலனாகும். அரங்கிலும் திரையிலும் முகமூடி எல்லார்க்கும் தெரியும். அதனுள்ளே இருப்பவனை மறைப்பது அதன் தொழில். வானொலியிலே முகமூடி ஒருவர்க்கும் தெரியாது. அதனுள்ளே இருப்பவனை வெளிப்படுத்துவதே அதன் தொழில். குரல் தாழும் அக்கணத்திலே கதைமாந்தர் யாவரும் ஏமாற, கேட்போன் ஒருவன் மட்டும் உண்மை உணர்கின்றான். முகமூடியின் மறைபொருளை அறிந்தவன் என்ற நிலையிலே அவன் கேற்றோவுக்கு இணையாகின்றான். ஊரார் பழிக்க, மெய்யறிந்த சிலருள் தானும் ஒருவன் என்னும் பெருமிதம் வானொலியை அணுகியிருந்த சிறுவன் ஒவ்வொருவனுக்கும் கிட்டியது.

இவ்வறிவு வேற்றுமையிலிருந்தே நாடகத்தின் நகையும் அவலமும் பிறக்கின்றன. மைக் அக்ஸ்போட் என்னும் பாத்திரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. முன்னாட் பொலிசுக்காரனாகிய அவன், மகனைக் கண்காணிக்கும்படி றீட்டின் தந்தையால் மெய்க்காவலனாக அமர்த்தப்பட்டுப் பின்னர் நிருபனாகியவன். பச்சைக் குளவியைத் தன் கையாலே பிடிப்பேன் என்று வஞ்சினம் கூறித் திரிகின்றான். அவ்வஞ்சினத்தை அவன் பெரும்பாலும் உரைப்பது குளவியின் அலுவலக அறையிலேயே. அவன் பேச்சிலே ஐரிசு மக்களின் ஒலிப்பு மிகைப்படுத்தப்பட்டு நகைப்பு விளைவிக்கும். ஆயினும் அவன் வெறும் கோமாளி அல்லன். காதாற் கேட்டதையும் கண்ணாற் கண்டதையும் கொண்டு முடிவு செய்யும் நேர்மையான குடிமகன் அவன். குளவி குற்றவாளி என்று கொள்வதற்கு அவனுக்குக் கிடைத்த சான்றுகள் யாவும் வலியன. அவன் தவறியது அறிவுக்குறையால் அன்று. நாடகம் கேட்போர்க்கு அளித்த இரகசியத்தை அவனுக்கு அளியாமையாலேயே. அவனைக் கண்டு நகைப்போர் இதனை எண்ணுவதில்லை.

இங்கேதான் நாடகத்தின் அறச்சிக்கல் தொடங்குகின்றது. பிறிற் றீட் சாதாரணக் குடிமகன் அல்லன். ஊருக்கு உண்மை கூறும் கருவியாகிய நாளிதழ் அவன் கையில் உள்ளது. ஊழல் செய்யும் அரசியலாரையும், மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டத்தாரையும் அச்செழுத்தால் வெளிப்படுத்தும் உரிமையும் கடமையும் அவனுடையன. அவ்வழி போதாதென்று அவன் முகமூடி தரிக்கின்றான். போதாமைக்குக் காரணம் சான்று இன்மை, சட்டத்தின் தாமதம், அச்சத்தால் வாய்மூடிய சாட்சிகள் என நாடகம் காட்டுகின்றது. மதுவிலக்குக் காலத்துக் கொள்ளைக் கூட்டங்களை நேரிற் கண்டிருந்த டிற்றோயிற் மக்களுக்கு இக்காரணங்கள் கற்பனையாகத் தோன்றியிரா. கூட்டரசின் துப்பறிவோராலும் பிடிக்க இயலாதவர்களைக் குளவி பிடிப்பான் என்று தொடரின் தொடக்க உரை ஒருகால் பெருமை பேசியதும், அத்துறையின் தலைவராயிருந்த எட்கார் ஹூவர் மறுப்புத் தெரிவிக்கவே அவ்வுரை மாற்றப்பட்டது என்பர். சட்டத்தை நடத்துவோர்க்கும் இக்கதை உறுத்தியது என்பதற்கு இச்செய்தி சான்று.

ஆனால், சென்ரினல் நாடோறும் குளவியைக் குற்றவாளி என்று அச்சிடுகின்றது. அது பொய் என்பதை அதன் அதிபன் அறிவான். ஊழலை ஒழிப்பதற்காகத் தன் வாசகரை நாடோறும் ஏமாற்றும் செய்தித்தாள், தான் ஒழிக்க முயலும் வஞ்சகத்தின் சாயலைத் தானும் ஏற்கின்றதன்றோ? நாடகம் இவ்வினாவை எழுப்பவில்லை. எழுப்பாதிருக்க உதவியது அதன் குரல் நுட்பமே. உண்மையறிந்தவனாகக் கேட்போன் ஆக்கப்பட்டமையால் ஏமாற்றப்பட்ட வாசகர் கூட்டத்திலே தானும் ஒருவனாகலாம் என்று அவன் கருதினானல்லன். ஒருவன் நல்லவன் என்பதை அவன் நெஞ்சுக்குள்ளிருந்தே கேட்டறிந்தவர்க்கு, அவனைக் கேள்வி கேட்கவேண்டும் என்னும் எண்ணம் தோன்றுவது அரிது.

மறைந்து நின்று முறைசெய்வோன் கதை உலகிற்குப் புதியதன்று. இரவிலே மாறுவேடம் பூண்டு நகர்சோதனைக்குச் சென்ற பாண்டியனின் வரலாற்றைத் தமிழர் நன்கு அறிவர். கணவன் பிரிந்த இல்லத்துக்குக் காவலாய் நின்ற அவன், கணவன் மீண்டதை அறியாது ஒருநாள் கதவைத் தட்டினான். மனைவிமீது ஐயம் நேராதிருத்தற்பொருட்டு அத்தெருவிலுள்ள கதவெல்லாவற்றையும் தட்டிச் சென்றான். மறுநாள் முறையீடு அவைக்கு வந்தபோது தட்டிய கையைத் தானே துணித்துப் பொற்கை பெற்றான். அக்கதையின் ஆற்றல் வேடத்தில் இல்லை. வேடத்திற் செய்த செயலுக்கு வேடமின்றி அவையிலே விடையிறுத்தலில் உள்ளது. இரவு தட்டிய கைக்குப் பகல் பொறுப்பேற்றது. பிறிற் றீட்டின் இரவுக்கு அவன் பகல் பொறுப்பேற்பதில்லை. செயலின் தரத்தாலன்று, இப்பொறுப்பின்மையாலேயே அவன் அப்பழைய காவலரினும் குறைந்தவனாகின்றான்.

நாடகம் அவ்விடத்தை அறவே அணுகவில்லை என்று கூறுதலும் பொருந்தாது. 1947இல் ஒலித்த ஒரு கதையில் றீட்டின் தந்தையாகிய டான் றீட் தம் மகனைக் காண வருகின்றார். இத்துணை ஆண்டுகளாகியும் பச்சைக் குளவியைச் சென்ரினல் பிடிக்கவில்லையே, ஏன்? என்று வினவுகின்றார். தந்தையின் முன்னே முகமூடி நிற்கவில்லை. மகன் உண்மையைக் கூறுகின்றான். பதினோராண்டு நிகழ்ந்த நாடகத்திலே தலைமகன் தன் செயலுக்கு ஒருவர்முன் விடையிறுக்க நேர்ந்த அருமையான தருணம் இது. உரையாடல் இங்கு எவ்வளவு ஆழமாகச் சென்றிருக்கலாம்! ஆனால் அத்தருணத்திலே பின்னணியில் மெல்லென எழுவது வில்லியம் தெல் இசை. டான் றீட் வேறு யாருமல்லர். தனிக்காவலனின் தமையன் மகன். அவ்விசை காவலனை நினைவூட்ட, மகனின் முகமூடி குலத்தொழிலாகி விடுகின்றது. வினாவுக்கு விடை அறத்தினின்று வரவில்லை, மரபினின்று வந்தது. செவிக்கலையின் நுட்பத்தினை எண்ணின், இரு தொடர்களையும் இரு தலைமுறைகளையும் சில நொடி இசையால் இணைத்த இவ்விடம் மிகச் சிறந்தது. அறநோக்கினை எண்ணின், நாடகம் தன் தலையாய வினாவை இசைக்குள் அமிழ்த்திய இடமும் இதுவே.

முகமூடி அணிந்தவனைப் பற்றி இவ்வளவு கூறியபின், அணியாமலே அணிந்தவனாக்கப்பட்ட கேற்றோவையும் நோக்குதல் முறை. அவனே வண்டியைச் செலுத்துவோன், இரகசியத்தைக் காப்போன். தொடக்கத்தில் அவன் யப்பானியனாகக் குறிக்கப்பட்டான். அவ்வேடத்தை முதலில் ஏற்றவரும் டோக்குற்றாரோ ஹயாஷி என்னும் யப்பானிய நடிகரே. 1930களின் பிற்பகுதியில் யப்பான் சீனத்தின்மீது படையெடுத்தபின் தொடக்க உரையில் அவனது இனம் கூறப்படாதொழிந்தது. பின்னர் அவன் பிலிப்பைன் நாட்டவன் எனப்பட்டான். திரைத் தொடரிலோ கொரியன் எனப்பட்டான். 1941 டிசம்பரில் பேள் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாளே அவன் இனம் மாற்றப்பட்டதென ஒரு கதை வழங்குகின்றது. அத்தாக்குதலுக்கு முன்னரே பிலிப்பைன் என்ற குறிப்பு நாடகத்தில் வந்துவிட்டமையால் அக்கதை பொருந்தாது. எனினும், உண்மை அக்கதையினும் பெரிதும் மேம்பட்டதன்று. றீட் தான் விரும்பியபோது முகமூடியை அணிந்தான்; விரும்பியபோது களைந்தான். கேற்றோவுக்கோ மூன்று நாட்டு முகங்கள் பிறரால் மாட்டப்பட்டன. பெயரும் பணியும் மாறாதிருக்க, பிறப்பு மட்டும் செய்தித்தாளின் போக்குக்கேற்ப மாறியது. முகத்தைக் காட்டாத ஊடகத்திலே ஒருவனின் தாயகத்தை ஒரு சொல்லால் அழித்தெழுதுதல் எத்துணை எளிது என்பதை இது புலப்படுத்தும். 1966இல் தொலைக்காட்சித் தொடராக இக்கதை மீண்டபோது கேற்றோவாக நடித்த புரூஸ் லீ, தலைமகனினும் புகழ் பெற்றார் என்பது காலம் செய்த கைம்மாறு போலும்.

வானொலி வீரர் யாவரும் முகமூடியின் அறவினாவைத் தவிர்த்தனரோ என்றால், அன்று. 1946ஆம் ஆண்டு யூன், யூலை மாதங்களில் சுப்பர்மான் தொடரிற் பதினாறு பகுதிகளாக ஒலித்த ‘எரிசிலுவைக் குழாம்’ என்னும் கதை இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. சீன வழிவந்த லீ குடும்பம் ஒன்று நகரிலே புதிதாகக் குடியேறுகின்றது. அக்குடும்பத்துச் சிறுவன் டொமி பந்தாட்டக் குழுவிலே சிறப்பிடம் பெறுகின்றான். இடமிழந்த மற்றொரு சிறுவனின் மனக்கசப்பை அவன் மாமன் வெறுப்பாக வளர்க்கின்றான். அம்மாமன் தலைக்கூடு அணிந்து இரவில் உலாவும் இரகசியக் குழாத்தின் தலைவன். லீயின் வீட்டு முற்றத்திலே சிலுவை எரிகின்றது. கூ கிளக்ஸ் கிளான் என்னும் உண்மையான இயக்கத்தையே இக்கதை சுட்டுகின்றதென்பதை எவரும் உணர்வர். அவ்வியக்கத்தின் இரகசியச் சொற்கள் பலவற்றை இந்நாடகம் அம்பலமாக்கியது என நெடுநாள் வழங்கிய செய்தி பிற்கால ஆராய்ச்சியாற் பெரிதும் ஐயத்துக்குள்ளாயிற்று. ஆயினும் நாடகத்தின் சிறப்பு அச்செய்தியைச் சார்ந்ததன்று.

அதன் சிறப்பு யாதெனில், முகமூடி வீரரின் தொடர்களைக் கேட்டு வளர்ந்த சிறுவர்க்கு, முகமூடி அணிந்தோர் தீயோராகவும் இருக்கலாம் என்பதை உணர்த்தியதாகும். இரவில் முகம் மறைத்துக் கூடுவோர், சட்டம் செய்யாததைத் தாம் செய்வதாகவும் தம் ஊரைக் காப்பதாகவுமே கூறிக்கொள்கின்றனர். சொல்லளவில் அவர்களுக்கும் பச்சைக் குளவிக்கும் வேறுபாடு பெரிதன்று. கதையின் பிற்பகுதியில், குழாத்தின் மேல்நிலைத் தலைவன் அவ்வெறுப்பை நம்புபவனும் அல்லன். ஏமாந்தோரிடம் பணம் திரட்டும் வாணிகமாகவே அதனை நடத்துகின்றான் என வெளிப்படும்போது, முகமூடியின் உள்ளீடின்மையும் வெளியாகின்றது. அவர்களை எதிர்ப்பவனோ வேடம் புனைந்தும் முகத்தை மறையாத வீரன். நாள்தோறும் கால்மணி நேரம் சிறுவர்க்கென ஒலித்து, தானியத்துக்கு விளம்பரம் செய்த ஒரு நாடகம் இவ்வளவு தெளிவுடன் தன் இனத்துக் கதைகளின் அடிப்படையையே உரைத்துப் பார்த்தது. சிறுவர் நாடகம் சிறிய நாடகமாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதி இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இவ்வொப்பீட்டாற் பச்சைக் குளவி முற்றிலும் தாழ்ந்துவிடாது. சுப்பர்மான் கதை முகமூடியின் தீமையைக் காட்டியது. ஆனால் அதன் தீயோர் வெளிப்படையாகத் தீயோர். நல்லவன் ஒருவன் அணியும் முகமூடியே தீராத சிக்கலுக்குரியது. அச்சிக்கலைத் தன் கதையின் நடுவிலே வைத்த துணிவு பச்சைக் குளவிக்கே உரியது. புகழை விரும்பாது பழியை ஏற்கும் தலைமகன், தன் குற்றச்சாட்டைத் தானே அச்சிடும் அதிபன், நேர்மையால் தவறும் அக்ஸ்போட், தெருவிலே கூவும் சிறுவன் என்னும் இவர்களை ஒருங்கு சேர்த்தோர் சிறந்ததொரு நாடகத்துக்கு வேண்டிய கருவிகள் அனைத்தையும் கையில் வைத்திருந்தனர். அரைமணி நேர வரையறையும், கிழமைதோறும் புதுக்கதை வேண்டிய அவசரமும், தலைமகனை ஐயுறலாகாது என்னும் வணிக மனப்பான்மையும் அக்கருவிகளை முழுதும் பயன்படுத்த விடவில்லை.

1950களில் தொலைக்காட்சி பெருகவே இவ்வகை நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பச்சைக் குளவி 1952இலும், தனிக்காவலன் புதிய கதைகளும் நிழலும் 1954இலும் ஓய்ந்தன. பின்வந்த திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் உடையையும் முகமூடியையும் வண்ணத்துடன் கண்முன் நிறுத்தின. கண் பெற்றது மிகுதி. செவி இழந்ததும் சிறிதன்று. முகமூடியைப் பார்ப்பவன் அதன் அழகைப் பார்க்கின்றான். அதனைக் கேட்பவனோ அதனுள் இருப்பவன் யாவன் என்பதை ஒவ்வொரு முறையும் அறிந்து, அவ்விரகசியத்திற் பங்குகொள்கின்றான். அப்பங்கு இன்பமும் தரும், பொறுப்பும் தரும். பச்சைக் குளவி தன் நேயர்க்கு இன்பத்தை நிறைவாக அளித்தது. பொறுப்பை அளிக்கும் தறுவாயில் நின்றுவிட்டது. பதிவுகளாக எஞ்சியுள்ள அந்நாடகங்களை இன்று கேட்போர், கதை முடிந்தபின் எழும் செய்தித்தாட் சிறுவனின் கூவலை முடிவாகக் கொள்ளாது வினாவாகக் கொள்வாராயின், அன்று விடுபட்டது இன்று நிறைவெய்தும்.